சேர்வராயன் மலைக்கு விதைப்பந்து எறியலாமா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதைச் சுருக்கினால் இதுதான். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறார். மே, ஜூன் மாதங்களில் நண்பர்களோடு ஏற்காடு அடிவாரத்திலும் மலைச்சாலை ஓரத்திலும் அலைந்து வேம்பு, நாவல், புங்கன், சரக்கொன்றை, குல்மோகர், தூங்குமூஞ்சி, ஒரு கைப்பிடி சந்தனம் என்று எட்டு கிலோ விதை சேர்த்திருக்கிறார். எல்லாவற்றையும் நல்ல வெயிலில் காயவைத்து பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி வைத்திருக்கிறார். அக்டோபர் மழைக்கு முன் விதைப்பந்து பிடித்து மலைச்சரிவில் எறிய வேண்டும், களிமண்ணும் சாணமும் என்ன விகிதம் என்று கேட்கிறார். விகிதம் சின்ன விஷயம். 'நான் சேர்த்த விதையால் அந்தக் காட்டுக்கு ஏதாவது நன்மை உண்டா' என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் வனவியல் படித்தவன். இருபத்திரண்டு வருடமாக சேலத்துக்குப் பக்கத்தில் நாட்டுமர நாற்றங்கால் வைத்திருக்கிறேன். அடிவாரத்து வறண்ட காட்டு மரங்களில்தான் என் கை பழகியிருக்கிறது. மலை மேலே இருக்கும் சோலை மரங்களில் ஏழெட்டு வகைதான் வளர்த்துப் பார்த்திருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கசப்பான செய்தி. உங்கள் டப்பாவில் இருக்கும் நாவல் விதை செத்துவிட்டது. வேம்பும் அநேகமாக அதே கதிதான். வெயிலில் காயவைத்ததே அதற்குக் காரணம். விதை என்றால் காயவைத்துப் பத்திரப்படுத்த வேண்டியது என்று நாம் நெல்லையும் துவரையையும் பார்த்துப் பழகிவிட்டோம். மரங்கள் எல்லாம் அப்படி இல்லை. 1973-இல் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் விதைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பெயர் வைத்தார். காயக் காய ஆயுள் கூடுவது ஒரு கூட்டம். காய்ந்தால் உயிர் விடுவது இன்னொரு கூட்டம். நாவல் இரண்டாவது கூட்டம். பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பிய வாரத்திலேயே அது மண்ணுக்குள் போயாக வேண்டும். வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். மஞ்சளாகப் பழுத்ததும் பறித்து, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தினால் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். பழத்தோடு குவித்து வைத்தால் புளித்துச் சூடேறி இரண்டு நாளில் போய்விடும். நாற்றங்கால் ஆரம்பித்த வருடம் நானும் இரண்டு சாக்கு வேப்பங்கொட்டையை 'பிறகு விதைக்கலாம்' என்று மூலையில் வைத்தேன். ஆகஸ்டில் விதைத்தேன். ஒரு பாத்தி முழுக்க ஒரு முளைகூட வரவில்லை. வேப்பம்புண்ணாக்கு போட்டது போல மண்தான் செழித்தது.

நம்பவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள், செலவில்லாத சோதனைதான். நகவெட்டியை எடுத்து வகைக்குப் பத்து விதையைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே பருப்பு நிறம் மாறாமல், கெட்டியாக, ஓடு நிறைய இருந்தால் உயிர் இருக்க வாய்ப்புண்டு. பழுப்பேறி, சுருங்கி, ஓட்டிலிருந்து விலகி நின்றால் முடிந்தது. சில விதைக்குள் வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு படுத்திருக்கும். அவரை, துவரைக் குடும்பத்து மரங்களில் இது அதிகம். டப்பாவில் வைத்ததால் வந்த புழு இல்லை அது. காய் பச்சையாக மரத்தில் தொங்கும்போதே வண்டு வந்து முட்டை வைத்துவிடும். தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழிக்கிற முறையைப் பலரும் சொல்வார்கள். கனமான விதைக்கு அது ஓரளவு சரிப்படும். இறக்கை உள்ள விதைக்கு அதை நம்ப வேண்டாம், நல்லதும் மிதக்கும்.

சரக்கொன்றை முதல் கூட்டம், வருடக்கணக்கில் கிடக்கும். ஆனால் அதன் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரு முனையைச் சிமெண்ட் தரையில் நாலு இழுப்பு தேய்த்துவிட்டு இரவு ஊறவைத்தால் காலையில் விதை உப்பியிருக்கும். தேய்க்காமல் மண்ணுருண்டைக்குள் வைத்தால் அது பாட்டுக்குத் தூங்கும். புங்கன் இன்னும் பிழைத்திருக்கும் என்று நினைக்கிறேன், வெட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். குல்மோகரும் தூங்குமூஞ்சியும் மலைக்கே வேண்டாம். முன்னது மடகாஸ்கர் மரம், பின்னது தென்னமெரிக்கா மரம். கல்லூரி வாசலில் நிழலுக்கு நிற்கட்டும். வெளியூர் மரம் இந்த மலையில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. அதன் பின்னாலேயே நிழலுக்கும் மிளகு ஏற்றுவதற்கும் என்று ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்து எஸ்டேட் எஸ்டேட்டாக நிறைந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் மலை பச்சையாகத்தான் தெரிகிறது.

சந்தனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகள் சந்தனத்துக்குப் பேர்போனவை, திருட்டுக்கும்தான். சந்தனப் பழம் கருநீலமாகப் பழுத்ததும் சதையைக் கசக்கிக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். விதை உடனே முளைக்காது, சுமார் இரண்டு மாதம் உறங்கும். நாற்றங்காலில், முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலத்தை 500 பிபிஎம் அளவில் (லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம்) கரைத்து, அந்தக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து விதைக்கிறோம். உங்கள் விதை உறக்கம் முடிந்த பருவத்தில் இருப்பதால் இப்போதே மணல் பாத்தியில் போடலாம். முளைத்து நாலு இலை வந்ததும் பாக்கெட்டுக்கு மாற்றும்போது கூடவே ஒரு துவரையை ஊன்ற வேண்டும். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் கவ்வி உறிஞ்சினால்தான் தேறும். துணைச்செடி இல்லாத சந்தனக் கன்று ஆறு மாதம் கழித்து வெளிறி நிற்பதைப் பார்த்துப் பலர் உரம் போடுவார்கள். அதற்கு வேண்டியது பக்கத்தில் ஒரு செடி. சொந்த நிலத்தில் சந்தனம் வளர்க்கத் தடையில்லை, வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான்.

இப்போது விதைப்பந்து. இங்கே எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் சந்தேகமாக இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். ஈரம் காய்ந்தால் சாகும் விதையைக் களிமண்ணில் உருட்டிக் காயவைத்தால் அது செத்துப்போகும், இதில் சந்தேகமே இல்லை. தோல் கெட்டியான விதையை நேர்த்தி செய்யாமல் உருட்டினால் முதல் மழையில் முளைக்காது, இதுவும் உறுதி. வெறும் சரளைச் சரிவில் முளை வந்தாலும் முதல் கோடைக்குள் வேர் ஆழம் போகாவிட்டால் கருகும், ஆடு வந்தால் அதற்கு முன்பே காலி. மற்றபடி விதைப்பந்தே வீண் என்று சொல்ல மாட்டேன். நிழலும் இலைமக்கும் உள்ள இடத்தில், சரியான வாரத்தில் எறிந்த புங்கன் முளைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் உருண்டை எதற்கு, குச்சியால் ஒரு குழி குத்தி விதையைப் போட்டாலே முளைக்குமே என்றும் தோன்றியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் எறிந்தோம் என்று செய்தி போடுகிறவர்கள் மூன்றாம் வருடம் போய் எண்ணிப் பார்த்து எழுதினால் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார்.

அதைவிட முக்கியமான ஒன்று, அங்கே விதையே தேவையில்லாமல் இருக்கலாம். அடிவாரக் கரடுகளில் உசிலை நிறைய உண்டு. நம் ஊரில் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் அதன் இலைதான். அதையும் வெப்பாலையையும் வெட்டினாலும் தீ வைத்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். மொட்டையாகத் தெரிகிற சரிவில் உட்கார்ந்து புல்லை விலக்கிப் பாருங்கள், ஆடு கடித்துக் கடித்துக் குட்டையான கொழுந்து முழங்கால் உயரத்தில் நிற்கும். அதன் வேர் உங்கள் வயதைவிட மூத்ததாக இருக்கலாம். அந்த இடத்தில் மூன்று வருடம் தீயும் ஆடும் வராமல் பார்த்துக்கொண்டால் ஒரு விதைகூடப் போடாமல் காடு எழும். மேலே சோலை ஓரங்களில் உண்ணிச்செடியை வேரோடு எடுத்துவிட்டால் மீதியைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். ஆல், அத்தி விதையை அவை போடுகிற மாதிரி நம்மால் போட முடியாது.

அப்படியானால் விதை சேகரிப்பு எதற்கு? தாய்மரம் அருகிப்போய், தானாக வர வழியில்லாத மரங்களுக்கு. ஆச்சா, வேங்கை, தோதகத்தி, கடுக்காய் போன்றவை. இங்கேதான் உங்கள் கூட்டத்தின் உழைப்பு உதவும்.

ஆச்சாவை எடுத்துக்கொள்வோம். இரண்டு இலை ஒட்டி மாட்டுக்குளம்பு மாதிரி இருக்கும், மரம் இரும்பு. காய் விரல் நீளத்துக்குக் காகிதம் போல மெல்லிசாக இருக்கும், நுனியில் ஒரே ஒரு விதை. ஏப்ரல், மே மாதத்தில் பழுப்பாகி உதிர்ந்து காற்றில் சுழன்று போகும். எல்லா வருடமும் காய்க்காது. மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அள்ளிக் கொடுக்கும். காய்க்கிற வருடத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று மரத்துக்குத்தான் தெரியும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி இனத்துப் பெரியவர் ஒருவர். பச்சைக் காயைத் தொரட்டியால் இழுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, "கிளைய ஒரு உலுக்கு உலுக்கு தம்பி. தானா விழறத எடு, விழாதது அதோடது" என்றார். முற்றாத விதையைத் தவிர்க்க அதைவிட நல்ல சோதனையை நான் கல்லூரியில் படிக்கவில்லை. அன்று முதல் மரத்தடியில் தார்ப்பாய் விரித்து உலுக்குவதுதான். காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவேன், அதற்குப் பிறகு காற்று எழுந்தால் விதை பாயில் விழாது. ஆச்சா விதை எளிதாக முளைக்கும். முளைத்த பிறகு மேலே வளர்ச்சியே தெரியாது, அது முதலில் கீழேதான் போகும். அதனால் குட்டைப் பாக்கெட்டில் போட்டால் வேர் அடியில் போய் முட்டிச் சுருளும். நீளமான பாக்கெட் வேண்டும், இல்லாவிட்டால் நேரே குழியில் விதைக்க வேண்டும்.

வேங்கையில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சாலை ஓரத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு வேங்கை இருந்தது. தட்டையான வட்டக் காயாகக் காய்த்துத் தள்ளும். மூன்று வருடம் அந்த ஒரு மரத்திலிருந்தே எடுத்தேன். கன்றுகள் ஊர் ஊராகப் போயின. பிறகுதான் உறைத்தது, நான் கொடுத்ததெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே தோப்பில் அவை வளர்ந்து தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டால் அடுத்த தலைமுறை நலிவாகத்தான் இருக்கும். இப்போது ஒரு வகைக்குக் குறைந்தது 25 தாய்மரம் தேடுகிறேன், ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளி. அருகிப்போன மரத்துக்கு 25 கிடைக்காது. பத்து கிடைத்தால் பத்து. ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்கிறேன். ஒரு மரத்தில் அன்றைக்கு இருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டம் நடத்தும் மில்லினியம் விதை வங்கி வைத்திருக்கும் வரம்பும் அதே 20 சதவீதம்தான். மீதி காட்டுக்கும் அணிலுக்கும்.

கடுக்காய்க்குப் பொறுமை வேண்டும். சதையை நீக்கிய கொட்டையின் அகன்ற முனையைக் கருவில் படாமல் நறுக்கி ஒன்றரை நாள் ஊறவைத்தால்தான் ஓரளவு முளைக்கும். என் பாத்தியில் அப்படியும் பாதிக்கு மேல் வந்ததில்லை. நெல்லி அதற்கு நேர்மாறு. கொட்டையை வெயிலில் பரப்பினால் மத்தியானத்தில் பட் பட் என்று தானே வெடித்து விதை சிதறும், மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு வையுங்கள்.

பெயர் விஷயத்தில் எச்சரிக்கை. கருங்காலி என்று கேட்டால் ஓர் ஊரில் முள்ளுள்ள வேல வகை மரத்தைக் காட்டுவார்கள், இன்னோர் ஊரில் முள்ளே இல்லாத, நடுக்கட்டை கறுப்பான மரத்தைக் காட்டுவார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். அதனால் விதை எடுக்கும் ஒவ்வொரு மரத்திலும் இலை, பூ அல்லது காயோடு ஒரு சின்னக் கொப்பை எடுத்துப் பழைய செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்துவிடுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் கொண்டுபோய்க் காட்டலாம். இந்த மலையில் மட்டுமே இயற்கையாக உள்ள வெர்னோனியா சேவராயென்சிஸ் என்ற சிறு மரத்தையும் அங்கே விசாரித்துப் பாருங்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் மரமாக வளர்வது அபூர்வம். அதை நான் வளர்த்ததில்லை. அப்படிப்பட்ட மரத்தில் ஆர்வக் கோளாறில் கைவைக்க வேண்டாம், அது ஆய்வாளர்கள் வேலை.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போய் விதை பொறுக்குவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 'விதைதானே சார்' என்று சொன்னால் வனக்காப்பாளர் கேட்க மாட்டார். வனச்சரகரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மாணவர்கள் என்றால் பெரும்பாலும் ஆளையும் கூட அனுப்புவார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள் எடுக்கும் உரிமை மலைவாழ் மக்களுக்கு உண்டு. அவர்களோடு சேர்ந்து, அவர்களுக்குக் கூலியும் கொடுத்துச் செய்தால் விதையும் நல்லதாக வரும். அனுமதி கிடைக்கும் வரை ஊர்க்கோயில் காடு, ஏரிக்கரை, எஸ்டேட் ஓரத்து மரங்களே போதும்.

எடுத்த விதையை எங்கே நடுவது என்பதிலும் கவனம் வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். கீழே முள்ளுக்காடு, நடுவில் இலையுதிர் காடு, மேலே குளிரும் மூடுபனியும். வேம்பும் ஆச்சாவும் கீழே இருக்க வேண்டியவை. கீழே எடுத்ததைக் கீழேயும், மேலே எடுத்ததை மேலேயும் நடுங்கள். மேலே இயல்பாகவே புல்வெளியாக இருக்கும் இடத்தை மரம் வைத்து நிரப்ப வேண்டாம்.

சேமிப்புக்கு ஒரு வழி. காயத் தகுந்த விதைகளை நிழலில் ஒரு வாரம் பரப்பி வையுங்கள். பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியில் நன்றாக உலர்ந்த தூள் உப்பும் கொஞ்சம் விதையும் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இன்னும் இருக்கிறது, மூடாதீர்கள். ஒட்டாமல் உதிர்ந்தால் புட்டியில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலோ, வைக்கும் இடத்தின் சூடு ஐந்து டிகிரி குறைந்தாலோ ஆயுள் இரட்டிப்பாகும் என்று ஹாரிங்டன் என்பவர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. அச்சுப்பிசகாமல் எல்லா மரத்துக்கும் பொருந்தாது, வழிகாட்டலாக வைத்துக்கொள்ளலாம்.

ஆக, இந்த வாரம் செய்ய வேண்டியது. டப்பாக்களைத் திறந்து வெட்டிப் பாருங்கள். செத்ததை எருக்குழியில் போடுங்கள். சந்தனத்தை மணலில் விதையுங்கள். புங்கனையும் கொன்றையையும் பாக்கெட்டில் போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று. இந்த அக்டோபரில் நடும் அளவுக்கு அவை வளராது, அடுத்த அக்டோபருக்குத்தான் சரியாக வரும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே நிழல்வலையிலிருந்து வெளியே எடுத்துத் தண்ணீரைக் குறைத்துப் பழக்குங்கள். ஜனவரியிலிருந்து வேங்கைக் காய்கள் காயும், அதற்குள் தாய்மரங்களைப் பார்த்து வைத்துவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு பையிலும் மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி, எத்தனை மரத்திலிருந்து என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் கலைந்துவிடும்.